முதல் கார் வாங்கப் போகும் தர்மபுரிக்காரருக்கு

கார் வாங்கலாம் என்று எங்கள் வீட்டில் முடிவான பிறகும் எட்டு மாதம் கார் வரவில்லை. மைத்துனர் ஒரு வண்டியைச் சொன்னார், கூட வேலை பார்ப்பவர் இன்னொன்றைச் சொன்னார், பக்கத்து வீட்டு மாமா "பழசு ஒண்ணு வாங்கி ஓட்டிப் பழகுப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். யூடியூபில் பார்த்ததும் சேர்ந்து தலை சுற்றியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பழைய டைரி ஒன்றை எடுத்து வந்து, போன வருஷம் குடும்பத்தோடு எங்கெங்கே போனோம் என்று எழுதச் சொன்னாள். அந்த ஒரு பக்கம்தான் எங்களுக்குக் காரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

இதை எழுதுவது, முதல் முறையாகப் புது வண்டி எடுக்கப் போகிறவர்களுக்காக. நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன கார், நாலைந்து பேர் உள்ள குடும்பம், ஷோரூம் விலை ஆறேழு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை. அதற்கு மேல் போகிறவர்களுக்கு என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ஒரு பக்கம்

எங்கள் டைரியில் வந்தது இதுதான். கிருஷ்ணகிரியில் மாமனார் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை, போக நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல. சேலத்துக்கு அம்மாவின் மூட்டு வலி வைத்தியத்துக்கு ஆறு முறை. விருந்தாளிகள் வந்தால் ஒகேனக்கல், அது மூன்று முறை. தீர்த்தமலை ஒரு முறை. பெங்களூரு இரண்டு முறை. மீதி எல்லாம் ஊருக்குள்: பள்ளி, சந்தை, கல்யாண மண்டபம்.

இதைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாத குடும்பத்துக்கு டீசல் வண்டி எதற்கு? சின்ன கார்களில் டீசல் இப்போது அரிதாகிவிட்டது என்பது வேறு விஷயம். சி.என்.ஜி. யோசித்தோம். ஓட்டம் அதிகம் இருந்தால் அது லாபம்தான். ஆனால் ஒற்றை சிலிண்டர் வண்டியில் டிக்கி முழுக்கப் போய்விடும். டாடாவும் ஹூண்டாயும் சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரைக்கு அடியில் வைத்து, டிக்கியைக் கொஞ்சம் மீட்டுத் தருகிறார்கள். எதுவானாலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். நீங்கள் தினமும் போகும் வழியில் சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தினமும் ஓசூர் போய் வருகிறவருக்கு அது சரி. எனக்கு பெட்ரோல் போதும் என்று தோன்றியது.

பின் சீட்டில் யார்?

ஷோரூமில் எல்லோரும் ஸ்டியரிங் பிடித்துப் பார்க்கிறார்கள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பார்க்க அழகாக, தாழ்வாக இருந்த ஒரு வண்டியில் அம்மா குனிந்து ஏறிவிட்டார். இறங்கும்போது கதவைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, அப்படியே நின்றுவிட்டார். "இதுல ஏர்றதுக்கு நானே போதும், எறங்க ஒரு ஆளு வேணும் போல" என்றார். அந்த வண்டி அங்கேயே கழிந்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஏறுவது என்பது பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். வேகன் ஆர், பஞ்ச், எக்ஸ்டர் போன்ற உயரமான வண்டிகள் இங்கே தெருவுக்கு நாலு நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கிராமத்து மண் ரோட்டிலும், அளவு பார்க்காமல் போட்ட வேகத்தடைகளிலும் அடி தட்டாமல் போவது அடுத்த லாபம்.

டிக்கியை லிட்டரில் சொல்வார்கள். ஸ்விஃப்ட் 265, வேகன் ஆர் 341, பஞ்ச் 366, டிசையர் 382. லிட்டர் கணக்கு நமக்கு எதற்கு? இரண்டு சூட்கேஸையும் ஒரு பெரிய கட்டைப் பையையும் வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு இன்னொரு அளவுகோல் உண்டு: மாம்பழப் பெட்டி எத்தனை போகும்?

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2018இல் டாடா நெக்ஸான், குளோபல் என்கேப் என்னும் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய வண்டி ஆனது. அதற்குப் பிறகுதான் இங்கே சாதாரண ஆட்களும் நட்சத்திரம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். 2023இல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே வந்துவிட்டது. 2024இல் வந்த புது டிசையரும் குளோபல் என்கேப்பில் ஐந்து வாங்கியது. நீங்கள் பார்க்கும் மாடலின் பெயரைப் போட்டுத் தேடினால் மோதல் சோதனை வீடியோவே கிடைக்கும். அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபின், பின் சீட்டில் பெல்ட் போடச் சொல்லி நான் கத்த வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. சன்ரூஃப் உள்ள வேரியண்டுக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தில் அதைவிட உருப்படியாக எவ்வளவோ செய்யலாம். ஏப்ரல் மாதத்து தர்மபுரி வெயிலில் அந்தக் கண்ணாடியை எத்தனை நாள் திறப்போம்?

டெஸ்ட் டிரைவ் கேட்டால் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் காட்டுவார்கள். அது போதாது. ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏற்றி, ஏதாவது ஒரு மேட்டில் நிறுத்தி, அங்கிருந்து எடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் மலைப்பாதையில் திரும்பி ஏறி வரும்போது வண்டி என்ன செய்யும் என்பது அந்த மேட்டிலேயே தெரிந்துவிடும். ஏ.எம்.டி., அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் வண்டி பார்க்கிறீர்கள் என்றால் இது கட்டாயம். ஊருக்குள் இடது காலுக்கு ஓய்வு, ஆனால் ஏற்றத்தில் கியர் மாற்ற ஒரு நொடி யோசிக்கும். அது உங்களுக்கு எரிச்சலா இல்லையா என்பதை நீங்களேதான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கொட்டேஷன் காகிதம்

விற்பனைப் பிரதிநிதி தம்பி "சார், ஆன்ரோடு எட்டரை வரும் சார்" என்று ஒரே எண்ணாகச் சொல்வார். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வரி வரியாகப் பிரித்து எழுதி, கையெழுத்தோடு வாங்குங்கள்.

முதல் வரி ஷோரூம் விலை. ஜி.எஸ்.டி. அதிலேயே சேர்ந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சினும் இருக்க வேண்டும். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. அதனால் அதற்கு முன்பு வாங்கிய உறவினர் சொல்லும் விலையை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள், கணக்கு உதைக்கும்.

இரண்டாவது வரி தமிழ்நாட்டின் ஆயுள் வரி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டை ஒட்டி நிற்கும் வேரியண்டுகளைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம், வரியில் மட்டும் 53,100 கூடுகிறது. அதோடு பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று விற்கும்போதே வரி பிடிப்பார்கள். அது வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடியது, ஆனால் கையிலிருந்து முதலில் போகும். மேல் வேரியண்டின் பெரிய டச் ஸ்கிரீனும் அலாய் வீலும் நமக்கு எழுபதாயிரத்துக்கு மேல் மதிப்புள்ளதா என்று அப்போது நிதானமாக யோசிக்கலாம்.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கானது ஒரு வருஷம் போதும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நான் வெளியே இரண்டு இடத்தில் அதே ஐ.டி.வி.க்கு (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களுக்கு (கூடுதல் பாதுகாப்புகள்) விலை கேட்டு ஷோரூம் தம்பியின் மேசைமேல் வைத்தேன். "இருங்க சார், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று போனார். ஐந்து நிமிடத்தில் பதினோராயிரம் குறைந்தது. ஆட்-ஆன்களில் ஜீரோ டெப்ரிசியேஷன் மட்டும் முதல் மூன்று வருஷம் அவசியம் எடுங்கள். பம்பர், கண்ணாடி மூடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு அது இல்லாவிட்டால் பாதிப் பணம் நம் கையிலிருந்துதான் போகும்.

மீதி எல்லாம் சில்லறை: பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், லோன் இருந்தால் அதைப் பதிய ஒரு கட்டணம். ஆனால் அந்தச் சில்லறைக்கு நடுவே "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஏழெட்டாயிரம் உட்கார்ந்திருந்தால், அது எந்த அரசு அலுவலகத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். நான் போன ஒரு ஷோரூமில் கேட்டதும் மௌனம். அடுத்த காகிதத்தில் அந்த வரி காணாமல் போயிருந்தது. "எசென்ஷியல் கிட்" என்று பன்னிரண்டாயிரத்துக்கு மேட், சீட் கவர், மட்ஃபிளாப் கட்டுவார்கள். தர்மபுரி பஜாரில் பாதிக்கும் குறைவான விலையில் தைத்துப் போட்டுத் தருகிறார்கள், அளவும் சரியாகவே வருகிறது.

விலை குறைய இரண்டு காலம். ஒன்று ஆடி. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை என்பதால் கடைக்காரர் கை தாராளமாகும். ஆடியில் பேசி, பணம் கட்டி, ஆவணி முதல் வாரம் டெலிவரி எடுத்துக்கொண்டால் பாட்டிக்கும் மனசு குளிரும், பர்ஸுக்கும் குளிரும். இன்னொன்று டிசம்பர். ஆனால் டிசம்பரில் தள்ளுபடியில் வாங்கும் வண்டி ஜனவரியில் "போன வருஷத்து மாடல்" ஆகிவிடும். ஐந்து வருஷத்தில் விற்கிற ஆள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள். பத்து வருஷம் வைத்து ஓட்டுகிற ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

லோன் கணக்கு

ஒரே கேள்வி கேளுங்கள்: வட்டி குறைந்து வரும் அசலுக்கா, இல்லை கடைசி வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் ஃபிளாட்டா? ஆறு லட்சம், 9 சதவீதம், ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 12,455. மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே 9 சதவீதம் ஃபிளாட் என்றால் தவணை 14,500, வட்டி 2,70,000. சொல்லும் சதவீதம் ஒன்றுதான், போகும் பணம் வேறு. ஏழு வருஷம் ஆக்கினால் தவணை 9,650 பக்கம் இறங்கும், ஆனால் வட்டி இரண்டு லட்சத்தைத் தாண்டும். முன்கூட்டி அடைத்தால் என்ன பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மாங்காய்க் காசோ தக்காளிக் காசோ மொத்தமாகக் கைக்கு வருகிற விவசாயக் குடும்பங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கடன் முடிந்ததும் வங்கியின் என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று) படிவம் 35ஐயும் வாங்கி, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிலிருந்து வங்கிப் பெயரை நீக்கிவிடுங்கள். என் நண்பர் ஒருவர் அதைச் செய்யாமல் விட்டு, நாலு வருஷம் கழித்து வண்டி விற்கும்போது வங்கிக் கிளைக்கு நடையாய் நடந்தார்.

டெலிவரிக்கு முந்தின நாள்

பணம் முழுதும் கட்டி, வண்டி பதிவாகும் முன்பே ஒருமுறை போய் வண்டியைப் பாருங்கள். பகலில் போங்கள். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் எந்தக் கீறலும் தெரியாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2325 என்று இருந்தால் 2025ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம் செய்த டயர். ஐந்து டயரும், ஆமாம் ஸ்டெப்னியும் சேர்த்து, கிட்டத்தட்ட ஒரே காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பத் தள்ளி இருந்தால் காரணம் கேளுங்கள். மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதா, எல்லாக் கண்ணாடியும் ஏறி இறங்குகிறதா, ஏ.சி. குளிர்கிறதா, இரண்டு சாவியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து, பில்லில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயரின் எழுத்தும் முகவரியும் ஆதாரில் இருப்பதுபோல் இருக்கட்டும். 2024இலிருந்து ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. கதவு எண் தப்பாக இருந்தால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்.

தர்மபுரியில் பதிந்தால் டி.என். 29, கிருஷ்ணகிரி 24, ஓசூர் 70. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு இங்கே முகவரி காட்டி வண்டி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய. வேறு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வாராவாரம் ஊருக்கு வந்து போகிறவர்கள், வண்டி தொடர்ந்து அங்கேயே இல்லை என்று காட்ட, டோல் ரசீதை அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

டெலிவரி அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போனோம். எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கு அடியிலும் வைத்து நசுக்கியாயிற்று. பூசணிக்காயை மட்டும் நடு ரோட்டில் உடைக்காதீர்கள். பின்னால் வரும் டூவீலர்க்காரர் வழுக்கி விழுவார். பம்பரில் சந்தனம் பூசினால் வெயிலில் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கறை நிற்கும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர், அப்புறம் தொப்பூர்

டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷம் அலமாரியில் வைத்திருந்தவன் நான். வெட்கப்படாமல் மறுபடி பத்து நாள் ஆள் வைத்து ஓட்டிப் பழகினேன். அப்புறம் ஒரு மாதம், காலை ஐந்தரை மணிக்கு, சர்வீஸ் ரோட்டில் தனியாக. பழகும்போது எதிர்த் திசையில் வரும் டூவீலரும் டிராக்டரும் சர்வீஸ் ரோட்டில் சகஜம் என்பதை மறக்காதீர்கள்.

எஞ்சின் புதிதாக இருக்கும்போது முதல் ஆயிரம் கிலோமீட்டர் அதை அலற விடக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் பிடித்துக்கொண்டும் போகக் கூடாது. அதனால் வண்டி எடுத்த மறுநாளே திருப்பதிக்குப் போகும் திட்டத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள், ஏழுமலையான் கோபிக்க மாட்டார்.

தொப்பூரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது 44ஆம் எண் நெடுஞ்சாலை அங்கே நீண்ட இறக்கமாக இறங்குகிறது. இறக்கம்தானே என்று டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு வரும் லாரிகளுக்கு, பாதி வழியில் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும். நடந்த விபத்துகளை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கார்க்காரர் செய்ய வேண்டியது இதுதான். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியருக்கு வாருங்கள். தேவைப்பட்டால் இரண்டாவது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். ஏ.எம்.டி. வண்டி என்றால் லிவரை மேனுவலுக்குத் தள்ளிக் கியரைக் கீழே வையுங்கள். கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இறங்குவது நியூட்ரலில் இறங்குவதற்குச் சமம். இரண்டு லாரிக்கு நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பின்னால் வரும் லாரி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தால், ரோஷம் பார்க்காமல் வழி விட்டு ஒதுங்குங்கள்.

முதல் முறை அம்மாவை ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கியபோது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தோம். ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. என் வண்டிதான் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓரமாக அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடே இல்லை. முன்னால் போன லாரியின் வாடை அது. அன்றிலிருந்து அந்த வாடை வந்தால் முன்னால் போகிறவருக்கும் எனக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கிவிடுகிறேன்.

மற்ற ரோடுகளுக்கு ஒரு வரி போதும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் இருட்டிய பிறகு போகாதீர்கள், யானைக்கு ஹாரன் பிடிக்காது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் பின் விளக்கில்லாத டிராக்டரை இருட்டில் எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

டோல் விஷயத்தில், 2025 ஆகஸ்ட் 15இலிருந்து சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்திருக்கிறது. வந்தபோது அதன் விலை 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும். அந்த விலைக்கு ஒரு முறை கடக்க 15 ரூபாய்தான் ஆனது. சேலத்துக்கும் ஓசூருக்கும் அடிக்கடி போகிறவர் யோசிக்கவே வேண்டாம். வருஷத்துக்கு நாலு தடவை போகிறவருக்கு அது வீண்.

தண்ணீர், மாமரம், எலி

காரோடு குடித்தனம் என்பது நம் ஊரில் தண்ணீரோடுதான் தொடங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும். ஃபுளூரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காரின் பெயின்டைக் கெடுப்பது ஃபுளூரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். வண்டி வந்த முதல் வாரம், மதியம் ஒரு மணிக்கு, ஹோஸ் பைப்பை எடுத்து ஆசை ஆசையாகக் கழுவிவிட்டு அப்படியே காய விட்டேன். சாயங்காலம் பார்த்தால் கருநீல பானெட் முழுக்க, யாரோ கோலப்பொடியில் புள்ளி வைத்தது போல வெள்ளை வட்டங்கள். ஷாம்பூ போட்டாலும் போகவில்லை. கடைசியில் வாட்டர் சர்வீஸ் கடை அண்ணன் சொன்னபடி, வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, வண்டி நிழலில் ஆறியிருக்கும்போது துணியில் நனைத்து ஒற்றி, உடனே நல்ல தண்ணீரில் அலசினேன். பெரும்பாலும் போயிற்று. இரண்டு வட்டம் இன்னும் இருக்கிறது, எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதிலிருந்து காலை வெயில் வரும் முன் கழுவுகிறேன். கடைசி ஒரு வாளி மட்டும் ஒகேனக்கல் தண்ணீர். உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுவேன். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், பீச்சுகிற துளை அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமே என்று என் மைத்துனர் கேட்டார். அதில் உப்பு இன்னும் அதிகம். வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தால் அதில் உப்பே இருக்காது. கூலன்ட் குறைந்தால் கம்பெனி சொல்லும் கூலன்ட் மட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

நிழல் என்று மாமரத்தடியில் நிறுத்தினால் பூக்கும் காலத்தில் பிசுபிசுவென்று ஏதோ சொட்டி, அதன்மேல் தூசி படிந்து, வெயிலில் இறுகிவிடும். புளியமரம் என்றால் பொடி இலை பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள சல்லடையில் போய் அடைக்கும். மழையில் தண்ணீர் போக வழி இருக்காது. மாதம் ஒருமுறை கையால் அள்ளிப் போடுங்கள். வேம்பு பரவாயில்லை. காக்கை எச்சம் மட்டும் எந்த மரமானாலும் அன்றைக்கே துடைக்க வேண்டும்.

எலி பெரிய விஷயம். வயல் பக்கம் வீடு இருந்தால் இன்னும். எங்கள் வண்டி ஒரு வாரம் ஓடாமல் நின்றது. ஏ.சி. போட்டதும் ஒரு நாற்றம். கையுறைப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் கேபின் ஃபில்டர், அதன்மேல் தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துக் கூடு. நல்ல வேளை, வயரைக் கடிக்கவில்லை. கடித்திருந்தால் செலவு ஆயிரங்களில் போயிருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் பின் சீட்டில் சிந்தும் முறுக்கையும் கடலையையும் அன்றன்றே பெருக்குங்கள். உள்ளே காற்று போகும் வழியில் சன்னமான கம்பி வலை அடிக்க மெக்கானிக் இருநூறு முந்நூறுதான் வாங்குவார். புகையிலை கட்டித் தொங்கவிடுகிறார்கள். எங்கள் எலி அதைப் பொருட்படுத்தவில்லை.

சர்வீஸும் காகிதமும்

கையேட்டில் இருக்கும் கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் விடுங்கள். குறைவாக ஓட்டுகிறவர்கள் "இன்னும் கிலோமீட்டர் வரலையே" என்று மாதத்தைத் தவற விடுவார்கள், பிறகு வாரண்டியில் சிக்கல் வரும். முதல் இலவச சர்வீஸ்களில் லேபர் மட்டும்தான் இலவசம், ஆயிலுக்குப் பணம் உண்டு. நீங்கள் கேட்காத "இன்டீரியர் என்ரிச்மென்ட்", "த்ராட்டில் கிளீனிங்" எல்லாம் பில்லில் வரும். வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதியதைப் படித்து, வேண்டாததை அடிக்கச் சொல்லிவிடுங்கள். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். குடும்பத்தோடும் லக்கேஜோடும் போகும்போது வேறு அளவு, அதுவும் அங்கேயே இருக்கும்.

புகைச் சான்று முதல் வருஷம் தேவையில்லை. அதன்பின் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் டிஜிலாக்கரில் இருந்தால் சோதனையில் அதைக் காட்டலாம். சின்னக் கீறலுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட வேண்டாம். ஒரு வருஷம் எதுவும் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு, ஐந்து வருஷத்தில் அது 50 வரை ஏறும். இரண்டாயிரம் ரூபாய் டிங்கரிங்குக்காக அதை இழப்பது புத்திசாலித்தனம் இல்லை. கிளெய்மா, கைக்காசா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டே முடிவெடுங்கள்.

கடைசியாக ஒகேனக்கல். பார்க்கிங்கில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, டேஷ்போர்டில் தின்பண்டம் எதுவும் தெரியாமல் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே குரங்குகளுக்கு வைப்பர் ரப்பர் மேல் தனிப் பிரியம். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு ஆற்றில் குளித்துவிட்டு வரும் பெரியப்பாவும் மாமாவும் "துடைச்சாச்சுப்பா" என்றுதான் சொல்வார்கள். நம்பாதீர்கள். டிக்கியில் பழைய பெட்ஷீட் ஒன்றும் துண்டு நாலும் எப்போதும் கிடக்கட்டும். அவர்கள் கதவில் கை வைக்கும் முன்பே பின் சீட்டில் விரித்துவிடுங்கள்.